முப்பத்தெட்டுப் பல்

முப்பத்தெட்டு. மூன்றாம் முறையும் முப்பத்தெட்டுதான் வந்தது. சௌந்தரவல்லி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குந்திய நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், பளிச்சென்று இருந்தது. பஞ்சருக்கு அடையாளம் வைக்கிற சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு, சக்கரத்தை மெல்ல உருட்டி, உதடு அசையாமல் எண்ணியிருந்தாள். இருபத்து மூன்று வருஷமாக எண்ணுகிறவள். குழந்தையின் மூச்சை எண்ணுவாள், பிள்ளைத்தாய்ச்சியின் நாடியை எண்ணுவாள், புதன்கிழமை காலையில் தடுப்பூசிப் பெட்டிக்குள் குப்பிகளை எண்ணுவாள். அந்த எண்ணிக்கை தப்பியது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. அதோடு ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலேயே அழுக்கு போன இடத்தில் 38 என்று குத்தியிருக்கிறது, பிறகு எண்ணுவதற்கு என்ன இருக்கிறது. இருந்தாலும் எண்ணினாள். தன் பைக்கில் இருக்க வேண்டியது நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு என்று அவளுக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். மணி எட்டாகப் போகிறது, பெட்டி பெஞ்சின் மேல் ஐஸ் பேக்குகளோடு காத்திருக்கிறது, மலைமேல் மேக்காட்டில் பதினாலு குழந்தைகள் ஒன்பதரைக்கு வருவார்கள், இவள் இங்கே மெக்கானிக் அமல்ராஜின் கொட்டகையில் உட்கார்ந்து பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வரும்போது செயின் கவரில் உரசிச் சத்தம் போட்டதால்தான் நிறுத்தினாள். அமல்ராஜ் கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ வாங்கி வரப் போனான். கவரை மட்டும் கழற்றாமல் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

அவள் மறந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்களா. சொல்ல முடியாது, ஏனென்றால் நாற்பத்து நாலைக் கண்டுபிடித்ததே அவள் வீட்டுக்காரர்தான். தண்டபாணி சார். கரட்டூர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். நாலு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவும்போது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்தான் எண்ணினார். முன்னால் பதினாலு, பின்னால் நாற்பத்து நாலு. எண்ணி முடித்ததும் பையன் மாதிரி சிரித்தார். "வல்லி, இங்க வா. நாப்பத்து நாலு வகுத்தல் பதினாலு. சுருக்கு. இருபத்திரண்டு பை ஏழு. உன் வண்டி பை-யில ஓடுதுடி." வட்டத்தின் சுற்றளவுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற அதே இருபத்திரண்டு பை ஏழு. பத்தாம் வகுப்பில் வேறு போய்ச் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் சைக்கிள் பல்லை எல்லாம் எண்ண ஆரம்பித்து விட்டார்களாம். அவளுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பின்பல் கூடினால் வேகம் குறையும் இழுவை கூடும், பின்பல் குறைந்தால் சமதரையில் பறக்கும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று அவர்தான் சோப்பு நுரைக்குள் விரலால் வட்டம் வரைந்து காட்டினார். அப்படியென்றால் தெரிந்த மனுஷன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய் இல்லாத மனுஷன். ஆனாலும் அவர்தான் செய்தார் என்று யார் சொன்னது, அமல்ராஜ் வரட்டும், கேட்போம், கடையில் மாறிப் போயிருக்கலாம், வேறு வண்டியுடையதை மாட்டியிருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தாள். நினைக்கும்போதே அப்படி இல்லை என்று தெரிந்தது. மார்கழி பிறந்த வாரம் சர்வீஸுக்கு விட்ட வண்டியைக் கடைப் பையனை ஓட்டச் சொல்லித் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர்தான். அதற்கு அடுத்த புதன்கிழமைதான் பதினோராம் வளைவில் முதல் தடவை வண்டி நின்றது.

பதினோராம் வளைவு. குதிரைமலை ரோட்டில் மொத்தம் பதினாறு கொண்டையூசி வளைவு, அதில் பதினொன்று மட்டும் உள்பக்கம் வாங்கிச் செங்குத்தாக எழும்பும். அத்தனை வருஷம் முதல் கியரில் மிதமாக முறுக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஏறிவிடுவாள். மார்கழியிலிருந்து ஏறவில்லை. பாதி வளைவில் எஞ்சின் இருமும், கிளட்சைப் பிடித்து முறுக்கினால் கருகிய வாசம் வரும், கால் ஊன்ற வேண்டியிருக்கும், ஊன்றினால் போச்சு, பெட்டியோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சரியாமல் நிற்பதே பெரும்பாடு. இறங்கித் தள்ளுவாள். முதல் புதன் கார்பரேட்டரில் தூசி என்றாள். இரண்டாம் புதன் பெட்ரோலில் கலப்படம் என்றாள். அவரிடம் சொல்லிக் கிளட்ச் பிளேட்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. சமதரையில் வண்டி முன்னைவிட நோகாமல் ஓடுகிறதே, அப்படியென்றால் வண்டிக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் புதன்தான் அந்த நினைப்பு வந்தது, நமக்குத்தான் முடியவில்லையோ. நாற்பத்தேழு வயசு. தூரம் நிற்கிற காலம். ராத்திரி வேர்க்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. ஊருக்கெல்லாம் கால்சியம் மாத்திரை கொடுக்கிறவள் தனக்கு வாங்கிப் போட ஆரம்பித்தாள். மேக்காட்டுச் சடைச்சி காத்திருந்து பார்த்துவிட்டுக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டாள், அவள் பிள்ளைக்கு மூன்றாம் தவணை ஊசி தள்ளிப் போயிற்று. அடுத்த வாரம் பார்த்தபோது கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, "நர்சம்மாக்கும் வயசாகுதுல்ல, பாவம்" என்று இரக்கப்பட்டாள். அந்தப் பாவம் என்ற சொல்லைச் சௌந்தரவல்லி மலை இறங்குகிற வரைக்கும் மென்றாள். ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். போனாள் என்ன, அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் எழுதிக் கொடுத்து, ஊசி குத்தும்போது பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்ததும், "வயசுதான் வல்லி, வேற என்ன" என்றார். அப்போது வண்டி வாசலில்தான் நின்றது. கவருக்குள் முப்பத்தெட்டுப் பல்லோடு நின்றது. நேற்று மாறுதல் கேட்கும் கடிதத்தை எழுதியதும் அவர்தான், அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால். 'உடல்நிலை காரணமாக மலைப்பகுதிப் பணியைத் தொடர இயலாத நிலையில்'. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். அது கைப்பையில் இருக்கிறது. சாயந்திரம் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இவளைக் கீழே போடுவார்கள், மலைக்கு வேறு ஆள் போட மாட்டார்கள், மாசத்துக்கு ஒரு ஜீப் வந்தால் உண்டு, மழை பெய்தால் அதுவும் இல்லை.

அமல்ராஜ் டீத்தூக்கோடு வந்தான். "என்ன நர்சக்கா, நீங்களே தொடச்சிட்டீங்களா" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்தான். "இதுல எத்தன பல்லு அமலு?" "முப்பத்தெட்டுக்கா." "எப்பருந்து?" "மார்கழில சார் வந்து மாத்தச் சொன்னாருல்ல. மைலேஜ் வேணும்னாரு. நான்கூட சொன்னேன், மலை ஏறுற வண்டி சார், இழுக்காது சார்னு. அவதான் கேட்டான்னாரு. நீங்க சொல்லித்தான் வந்தாருன்னு நெனச்சேன்." "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" அமல்ராஜ் டீயைக் கிளாஸில் ஊற்றினான். அவன் கேட்க மாட்டான். இந்தக் கடைத்தெருவில் ஒருத்தனும் கேட்க மாட்டான். ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர், லைசென்ஸ் அவளுடையது, பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் சிராய்த்துக் கற்றுக்கொண்டவள் அவள், தண்டபாணி சாருக்குக் கியர் வண்டி ஓட்டவே வராது, வாழ்நாளெல்லாம் ஸ்கூட்டர்தான். இருந்தும் இவள் வண்டியை விட்டுப் போனால், என்ன வேலை செய்வது என்று சாருக்குத்தான் போன் போகும். பிரேக் கட்டையா, சாரைக் கேள். டயரா, சாரைக் கேள். மரியாதையாம். இவளும் விட்டிருக்கிறாளே. விட்டுவிட்டுப் போய்ச் சமைத்தாளே. ஒரு நாளாவது பக்கத்தில் நின்று என்ன கழற்றுகிறான் என்ன மாட்டுகிறான் என்று பார்த்தாளா. மேக்காட்டில் ஒரு குப்பியை உடைப்பதற்கு முன்னால் தேதியை நாலு தடவை பார்க்கிறவள் தன் வண்டியை ஒரு தடவை பார்க்கவில்லை. அந்தக் கோபம் தன் பக்கம் திரும்பியதும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது, ஏமாற்றினதும் அவர், கடைசியில் குற்றம் தன் தலையிலா. "பழசு எங்க?" என்றாள். அமல்ராஜ் சுவரைக் காட்டினான். கழற்றிய எதையும் அவன் எறிவதில்லை, ஆணியில் மாட்டிவிடுவான். ஏழெட்டு ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவில் நாற்பத்து நாலு தொங்கிக்கொண்டிருந்தது. பல் ஒன்றுகூடத் தேயவில்லை. "அத மாட்டு." "மாட்டிரலாம்க்கா. சாருக்கு ஒரு போன் மட்டும்..." "பண்ணு" என்றாள். "பண்ணி, இங்க வரச் சொல்லு."

அவன் கொட்டகைக்கு வெளியே போய்த் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தான். பிறகு வேலையில் இறங்கினான், பேச்சைக் குறைத்துக்கொண்டு. இவள் டீயைக் குடிக்காமல் அவன் கையைப் பார்த்தாள். செயின் லாக்கை நெம்பி எடுத்தான், செயினை உருவினான், சக்கரத்தை இறக்கினான், முப்பத்தெட்டைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான். நாற்பத்து நாலை மாட்டி, பழைய செயினைச் சுற்றிப் பார்த்தால் முனையும் முனையும் எட்டவில்லை. அன்றைக்குச் சின்னச் சக்கரம் போட்டபோது ரெண்டு கண்ணி குறைத்திருந்தான். "ரெண்டு கண்ணி ஒட்டுப் போட்டுரவாக்கா?" "ஒட்டு வேணாம், புதுசு போடு." ஒட்டுப் போட்ட இடத்தில் அறுந்தால் பதினோராம் வளைவில் கீழே பள்ளம். புதுச் செயினைப் பெட்டியிலிருந்து எடுத்து நீளமாகப் போட்டான், அவள் குனிந்து கண்ணி கண்ணியாக எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. எண்ணும்போது மனசு ஓரமாக ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. சரி, மாட்டியாகிவிட்டது, ஏறவில்லை என்றால்? பல் மாறியது உண்மை, வயசும் உண்மைதானே. வேர்க்கிறது உண்மை. ஐப்பசி மழையில் அதே வளைவில் சறுக்கி விழுந்ததும் உண்மை, முழங்காலில் ஆறு தையல் போட்டார்கள், அப்போது நாற்பத்து நாலுதான் இருந்தது. நாற்பத்து நாலோடு போய் இன்றைக்கும் கால் ஊன்றினால் அப்புறம் யாரைத் திட்டுவது. அவர் செய்தது ஒரு பக்கம், அவர் சொன்னதுதான் நிஜம் என்று ஆகிவிட்டால்? இத்தனை நேரம் இருந்த கோபம் அதைக் கேட்டு ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றது. ரெண்டு மாசத்தில் இப்படித் தன் கால்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் ஆக்கிவிட்டாரே மனுஷன். அடித்திருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம். போகக்கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டு ரெண்டில் ஒன்று பார்த்திருக்கலாம். இது என்ன, ஆளை உள்ளிருந்தே கழற்றுகிற வேலை. "முன்னாடி எத்தன அமலு, பதினாலுதான?" என்று கேட்டாள். "பதினாலுதான். பதிமூணும் வருதுக்கா. போட்டா கீழ ரோட்டுல கொஞ்சம் கத்தும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஆனா ஏத்தத்துல பின்னாடி ஆள் இருந்தாலும் ஏறிரும்." அவள் அதை ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்து நாலு வகுத்தல் பதிமூன்று. சுருங்காது. வகுத்தால் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். "பதிமூணே போடு" என்றாள். கடைசியில் லாக்கை மாட்டும்போது குனிந்தாள். "வாய் எந்தப் பக்கம்?" "மூடுன பக்கம் செயின் ஓடுற திசைக்குக்கா, வாய் பின்னாடி. மாத்திப் போட்டா ஓட்டத்துல கழண்டுக்கும்." "காட்டு." காட்டினான். சரியாகத்தான் இருந்தது.

தண்டபாணி சார் எட்டு நாற்பதுக்கு வந்தார். ஸ்கூட்டரின் முன்னால் சாப்பாட்டுப் பை, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. வண்டியைப் பார்த்தார், ஆணி காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். "என்ன வல்லி, செயினா?" என்றார், வகுப்பில் பதில் தெரியாத பையன் கேள்வியையே திருப்பிச் சொல்வது மாதிரி. அவள் காலடியில் கிடந்ததை எடுத்து அவர் கையில் வைத்தாள். கிரீஸ் அவர் விரலில் அப்பியது. "எண்ணுங்க." "அதான் அதுலயே..." "வாய்விட்டு எண்ணுங்க." அமல்ராஜ் திரும்பி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான். சார் ஒன்று என்றார். ரெண்டு என்றார். பத்து வரைக்கும் வாத்தியார் குரல் இருந்தது, இருபதுக்கு மேல் இறங்கிவிட்டது, முப்பதில் சட்டைக் கைப்பட்டையில் கறை ஏறியது, அவர் பார்க்கவில்லை. முப்பத்தெட்டில் நிறுத்தினார். எங்கே ஆரம்பித்தோம் என்று தேடுகிறவர் போலச் சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினார். "நீ விழுந்தன்னைக்கு எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தற வேல" என்றார். "போன் வந்தப்ப யாரோன்னு கட் பண்ணிட்டேன். ரெண்டாவது தடவையும் கட் பண்ணிட்டேன். அப்பருந்து புதன்கிழமைன்னா என்னால கிளாஸ் எடுக்க முடியல வல்லி. போகாதன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. வண்டியே ஏறலேன்னா நீயா விட்டுருவன்னு..." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை, அவளுக்குத் தெரியும், இருபத்தைந்து வருஷப் பழக்கம். மனசு இளகத்தான் பார்த்தது. இளகியது அவளுக்கே பிடிக்கவில்லை. "பயந்தீங்கன்னா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் உயரவில்லை. "என்னயவே எனக்கு நோயாளியாக்கிட்டீங்க. ரத்தம் எடுக்கறப்ப கூட நின்னு தோளப் புடிச்சீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல." அவள் பெஞ்சிலிருந்து பெட்டியைத் தூக்கி அவர் நெஞ்சோடு வைத்தாள், அவர் பிடித்துக்கொண்டார். "ஏறி உக்காருங்க." "எங்க?" "மேக்காட்டுக்கு." "வல்லி, ஒம்பது மணிக்குப் பிரேயர், முத பீரியட் பத்தாம் வகுப்பு..." "லீவு லெட்டர் எழுதிக்கங்க. உடல்நிலை காரணமான்னு. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

கீழ் ரோட்டில் வண்டி கத்தியது, அமல்ராஜ் சொன்ன மாதிரியே. அவள் அதை அதன் பாட்டுக்குக் கத்தவிட்டாள். முதல் வளைவு, ரெண்டாம் வளைவு, பின்னால் அவர் ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் பிடித்திருந்தார், அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. எழுபத்தெட்டு கிலோ மனுஷன். கோபத்தில் ஏற்றியாயிற்று, இப்போதுதான் உறைக்கிறது, தனியாளாகவே ரெண்டு மாசமாக ஏறாத இடம். கீழே இறக்கிவிட்டிருக்கலாம். இவ்வளவு பாரத்தோடு நின்றால் ரெண்டு பேரும் பெட்டியும் சேர்ந்து பின்னால் போவோம், பதினாலு குழந்தைகளுடைய மருந்தும் போகும், அப்புறம் அந்தக் கடிதத்தை அவர் எழுதினபடியே கொடுக்க வேண்டியதுதான். ஏழாம் வளைவு. ஒன்பது. கைப்பை இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது, அதற்குள் கடிதம் நாலாக மடிந்து கிடக்கிறது. உள்ளங்கை வேர்த்தது. வேர்த்தால் வேர்க்கட்டும், வேர்க்கிற கையும் முறுக்கும். பத்து முடிந்து பாறை நெருங்கி வந்தது, முதல் கியருக்கு இறக்கினாள், உடம்பை முன்னால் சாய்த்தாள். இடது கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது, ரெண்டு மாசப் பழக்கம். அதைத் திரும்ப மிதிமேல் வைத்தாள். எஞ்சின் ஒரு கணம் குரலை இறக்கியது, அவள் நெஞ்சும் கூடவே இறங்கியது, பிறகு இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. வண்டி இருமவில்லை. கருகிய வாசம் இல்லை. ஒவ்வொரு பல்லாகச் செயினைக் கவ்வி இழுக்கிற மாதிரி நிதானமாக, அவசரமே இல்லாமல், எழுபத்தெட்டு கிலோவையும் பெட்டியையும் அவளையும் தூக்கிக்கொண்டு வளைவின் தலைக்கு வந்து நிமிர்ந்தது. பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பெட்டிய ரெண்டு கையாலயும் புடிங்க" என்றாள். "ஆட்டக்கூடாது." அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டார், பிடிமானம் எதுவும் இல்லாமல், அவள் ஓட்டுகிற வண்டியில், அப்படியே உட்கார்ந்து வந்தார். அவள் ரெண்டாம் கியர் போட்டாள்.